ஞாயிற்றுக்கிழமை முகாம்: ஒரு லைன் வீட்டுக்காரியின் அனுபவம்

ஒரு மாதமாகப் போன் ஓயவில்லை. "ஏனுங்க அக்கா, உங்க லைன்ல ஞாயித்துக்கிழமை டாக்டருங்க வந்து உக்காருறாங்களாமே, எங்க காம்பவுண்டுலயும் கேக்கறாங்க, உடலாமுங்களா?" என்று பூலுவபட்டியிலிருந்து ஒருவர், வேலம்பாளையத்திலிருந்து இரண்டு பேர், பெருமாநல்லூர் ரோட்டில் நாற்பது ரூம் வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் பங்காளி ஒருவர். ஆளாளுக்கு முதலிலிருந்து சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. மொத்தமாக எழுதிவிடுகிறேன். குறையும் எழுதப் போவதால் நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை. அடுத்த ஞாயிறும் என் வாசலில்தான் வந்து மேஜை போடுவார்கள்.

எங்கள் லைன், அதாவது வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை ரூம் வீடுகள், திருப்பூர் அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறை இருந்த இடத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இருந்தவரை அங்கே பித்தளைக் குடம் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பட்டறை படுத்த பிறகு கொட்டகையைப் பிரித்துப் பதினோரு ரூம் கட்டினோம். பத்துக்குப் பத்து, மூலையில் அடுப்பு மேடை, மேலே சிமெண்ட் ஷீட். பின்னால் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ், ஒரு குளிக்கிற ரூம். இப்போது முப்பத்தெட்டுப் பேர் குடியிருக்கிறார்கள். ஒரு ரூமில் நத்தம் பக்கத்துக் குடும்பம். மற்ற பத்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பனியன் கம்பெனி வேலைதான் எல்லாருக்கும். பேரைவிட ரூம் நம்பர்தான் எனக்கு வாயில் வரும், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முகாம் நடத்துவது மூன்று தரப்பு. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை, ஒரு தொண்டு நிறுவனம், எங்கள் பகுதி சுகாதார நிலையத்து நர்ஸம்மா. மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும், சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை. பிரஷர், சர்க்கரை, ரத்தத்தின் அளவு பார்ப்பார்கள், இருமல் இருந்தால் சளி டப்பா கொடுப்பார்கள், மாத்திரை தருவார்கள். இதோடு ஆராய்ச்சியும் செய்கிறார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கு என்ன நோய் வருகிறது, எதனால் வருகிறது என்று கேட்டு எழுதுகிறார்கள். பல பேர் பயப்படுவது இந்த ஆராய்ச்சிக்குத்தான். நானும் பயந்தேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. சில வருஷம் முன்னால் வேறொரு கூட்டம் வந்தது. கையில் டேப்லெட்டோடு நாலு பிள்ளைகள். வாரத்துக்கு எத்தனை நாள் கறி சாப்பிடுகிறீர்கள், வீட்டில் டிவி இருக்கிறதா, கடைசியாக எப்போது வயிற்றுப்போக்கு வந்தது என்று ஆளுக்கு ஒரு மணி நேரம் கேட்டார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு ரிசல்ட் வரும் என்று சொல்லிப் போனவர்கள்தான். மூணாம் நம்பர் பெண் ஆறு மாதம் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், "அம்மா, என் ரத்தம் என்ன ஆச்சு?" என்று. நான் என்னத்தைச் சொல்ல? அப்புறம் 2023 மார்ச்சில் வடக்கத்தி ஆட்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ கிளம்பியது ஞாபகம் இருக்கும். பீகாரிலிருந்து அதிகாரிகளே வந்து விசாரித்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாராவது பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு "ஆதார் இருக்கா?" என்று கேட்டால் எங்கள் லைனில் கதவு சாத்திவிடும்.

இந்தக் கூட்டம் வந்தது 2024 தை மாதம். முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஈ காக்கை இல்லை. பன்னிரண்டு மணிக்கு அந்த டாக்டர் பெண் என் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "ஏனுங்கம்மா, ஒருத்தருமே வரலீங்களே?" என்றது. "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு யாரு கண்ணு வருவாங்க? பாதிப் பேரு அரை நாள் வேலைக்குப் போயிருக்கறாங்க, மீதிப் பேரு வாரம் பூரா ஒன்றரை ஷிப்டு பார்த்துட்டு இப்பத்தான் துணி தொவைக்கறாங்க. நாலு மணிக்கு மேல வாங்க" என்றேன். வேறு யாராக இருந்தாலும் மண்டையை ஆட்டிவிட்டு மறுபடி பத்து மணிக்குத்தான் வந்திருப்பார்கள். இந்தப் பெண் நேரே லைனுக்குள் போய் ஒவ்வொரு கதவையும் தட்டி, எந்த நேரம் சௌகரியம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனது. அடுத்த முறை நாலு மணிக்கு வந்தார்கள். பதினேழு பேர் வந்தார்கள்.

எனக்கே பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில்தான் வீடு தேடி வருகிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம், எங்கள் தெருவுக்கு வரும் பெண் தங்கமான பெண். ஆனால் அவள் வரும் நேரத்தில் லைனில் பதினோரு பூட்டு தொங்கும். அது அவள் குற்றமில்லை, ஷிப்டு அப்படி.

அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் என்னை உட்கார்ந்து கவனிக்க வைத்தது. லைனிலிருந்தே இரண்டு பேரைப் பிடித்தார்கள். மூணாம் நம்பர் ஒடிசாப் பெண், எட்டாம் நம்பரில் இருக்கும் பீகார் அயர்ன் மாஸ்டர். ஆறு ஞாயிறு பயிற்சி கொடுத்தார்கள். பிரஷர் பார்ப்பது, எதற்கு டாக்டரிடம் அனுப்புவது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல் இருப்பது. இந்த மூன்றாவதுக்குத்தான் மூணாம் நம்பர் ரொம்பச் சிரமப்பட்டாள், லைன் செய்தி மொத்தமும் அவள் வாயில்தான் இருக்கும். இப்போது கேட்டால், "நஹீ அம்மா, சொல்லக் கூடாது" என்று உதட்டை மடித்துக்கொள்கிறாள்.

இவர்கள் உட்காருவதற்கு முன்னால் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பதிவு மேஜையில் உள்ளூர்க் காலேஜ் பையன் ஒருவன். ஆறாம் நம்பர் பீகார் பெண் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு, "சக்கர் ஆதா ஹை" என்றாள். பையன் "சக்கரை" என்று எழுதி அனுப்பிவிட்டான். உள்ளே விரலில் குத்திப் பார்த்தார்கள், சர்க்கரை சரியாக இருந்தது. மறுபடி குத்தினார்கள், அதுவும் சரி. அவளோ ஒவ்வொரு முறையும் "சக்கர், சக்கர்" என்கிறாள், இவர்கள் "சக்கரை இல்லம்மா, நார்மல்" என்கிறார்கள். கடைசியில் அயர்ன் மாஸ்டர் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார், சக்கர் என்றால் தலைசுற்றல். ரத்தம் பார்த்தார்கள், எட்டுதான் இருந்தது. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். ஆறாம் நம்பருக்கு வேண்டியிருந்தது இரும்புச்சத்து மாத்திரை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2019-ல் மகள் பிரசவத்துக்கு நியூஜெர்சி போயிருந்தபோது நானும் இப்படித்தான் சமையலறையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். மருமகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் ஒரு போனை எடுத்து என்னமோ அமுக்கி என் காதில் வைத்தாள், உள்ளேயிருந்து தமிழ்! அரசாங்கப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றால் நோயாளிக்குப் புரிகிற மொழியில் பேச ஏற்பாடு செய்தே ஆக வேண்டுமாம், 1964-ல் போட்ட சிவில் உரிமைச் சட்டத்திலிருந்து வந்த கடமை என்று மருமகன் பிறகு சொன்னார். அந்தப் பக்கம் பேசியது யாழ்ப்பாணத்து அம்மா. "தலை சுத்து கனநாளா இருக்கோ?" என்றார். "கனமா இல்லீங்க, சும்மா கிறுகிறுங்குதுங்க" என்றேன் நான். கனநாள் என்றால் ரொம்ப நாள் என்று புரிவதற்குள் இரண்டு பேரும் கொஞ்சம் அலைந்தோம். தமிழுக்கும் தமிழுக்குமே இந்தக் கதி. ஆறாம் நம்பர் முகத்தைப் பார்த்தபோது அந்தப் போன்தான் ஞாபகம் வந்தது.

ஒடிசாக்காரர்களுக்கு இந்தி தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆண்களுக்குக் கொஞ்சம் தெரியும், ஊரிலிருந்து நேராக வந்த பெண்களுக்குத் தெரியாது. சம்மதப் படிவம் இந்தியில் அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். ஒடியா எழுத்து நம் ஜாங்கிரி மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். மூணாம் நம்பர் அந்த இந்திப் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் ஒடியாவில் வந்தது. அவர்கள் பாஷையில் இருமலுக்குக் "காச" என்பார்களாம். நம் ஆள் அதைக் காசம் என்று எழுதி, சாதாரண இருமலோடு வந்த ஒரு பையனைக் கதிகலங்க வைத்த கதையும் உண்டு.

இதெல்லாம் எங்கிருந்து படித்தாய் என்று டாக்டர் பெண்ணைக் கேட்டேன். நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன், அது சொல்லிக்கொண்டே போனது. மகாராஷ்டிராவில் ஜாம்கேட் என்ற ஊரில் 1970-லேயே ஆரோலே என்ற டாக்டர் தம்பதி, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஊர் வைத்தியத்தை அவர்கள் கையில் கொடுத்தார்களாம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் 1995-லிருந்து பல்கலைக்கழகமும் நகரச் சுகாதாரத் துறையும் அந்தந்தப் பகுதி அமைப்புகளும் சேர்ந்து உட்கார்ந்து, என்ன ஆராய்ச்சி செய்வது என்பதையே கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்களாம். நியூயார்க்கில் குடியேறிய வங்கதேசத்துக்காரர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் என்று, அவர்களிலேயே சிலரைத் தயார் செய்து அவர்கள் பாஷையிலேயே சாப்பாடு, நடை, மாத்திரை பற்றிப் பேச வைத்தார்களாம். "நோய் வந்தவங்ககிட்ட கேள்வி கேக்கறது மட்டும் இல்லீங்கம்மா, என்ன கேள்வி கேக்கணும்ங்கறதையும் அவங்ககிட்டயே கேக்கறது" என்றது. நன்றாகத்தான் இருந்தது கேட்க. நடந்தால் பார்ப்போம் என்று டீயைக் கொடுத்தேன்.

நடந்தது. ஒன்று சொல்கிறேன். கேள்விப் பேப்பரில் "நெஞ்சு அடைக்கிறதா? ஆம், இல்லை" என்று ஒரு வரி இருந்தது. அஞ்சாம் நம்பர் பெண் பனியன் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் மூன்று வருஷம் நூல் மில்லில் இருந்தவள், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற புளோரூமில், தூசிக்கு நடுவே. அவள் சொன்னாளாம், எந்தக் கிழமை என்று கேளுங்கள் என்று. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் கால் வைத்ததும் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கும், புதன் வியாழனில் கொஞ்சம் பழகிவிடும், மறுபடி அடுத்த திங்கள். டாக்டர் பெண் அப்படியே நிமிர்ந்து பார்த்தது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு அதுதான் அடையாளமாம், லீவு முடிந்து போகும் முதல் நாள் அதிகமாக இருப்பது. புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் பேப்பரில் போட அவர்களுக்குத் தோன்றவில்லை. இப்போது அந்தக் கேள்வி பேப்பரில் இருக்கிறது.

ஒன்பதாம் நம்பர் விஷயத்தை எழுதலாமா என்று யோசித்தேன், அவனே எழுதுங்கள் என்றான். ஜார்க்கண்ட் பையன், பேக்கிங்கில் இருக்கிறான். மூன்று வாரமாக இருமிக்கொண்டு மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். அயர்ன் மாஸ்டர்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளி பார்க்க வேண்டுமாம். பார்த்தார்கள், டி.பி. அன்றைக்கு ராத்திரி, ரூமைக் காலி செய்யச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை. என் பேரன் பேத்தி வந்து போகிற வீடு. காலையில் மாஸ்டர் என் வாசலில் நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "மாத்ரா சாப்ட்டா ரெண்டு வாரம் கழிச்சு மத்தவங்களுக்கு வராதும்மா, ஜன்னல் தொறந்து வெக்கணும், அவ்ளோதான்" என்றார். கூட இருந்த மூன்று பையன்களுக்கும் பரிசோதனை செய்தார்கள், யாருக்கும் இல்லை. ஆறு மாத மாத்திரை. சாப்பாட்டுக்கென்று அரசாங்கம் அவன் பேங்க் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டது, 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ஆக்கினார்கள். நடுவில் சத் பூஜைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று அடம். தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறினால் மாத்திரை நின்றுபோகும் என்று எல்லாரும் பயந்தோம். நிக்ஷய் என்று ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள், எந்த ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினாலும் அதே கணக்கு தொடரும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ஊரில் வாங்கிச் சாப்பிட்டான், திரும்பி வந்தும் சாப்பிட்டான், முடித்தான். இப்போது ஆள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்.

இனி என் கதை. இதை எழுதாமல் விட்டால் நான் எழுதிய மற்றதெல்லாம் பொய்.

ஆறேழு மாதம் கழிந்து ஒரு ஞாயிறு, வாசலில் கோலமாவால் எங்கள் தெருவை வரைந்தார்கள். லைன், பக்கத்துச் சாயப்பட்டறைச் சுவர், சாக்கடை, குழாய், மளிகைக் கடை, பஸ் ஸ்டாப், கம்பெனி. வரைந்தது டாக்டர்கள் இல்லை, லைன் பெண்கள்தான். ஆண்களை முதலில் உட்கார வைத்து, ஆறு மணிக்கு மேல் அவர்களை அனுப்பிவிட்டுப் பெண்களைத் தனியாக உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எந்த இடத்தால் உடம்புக்குத் தொந்தரவோ அங்கே வை. புளியங்கொட்டை நான் கொடுத்தது. கொட்டை எடுத்த புளி போக மிச்சம் ஒரு தூக்குப்போசி நிறைய வைத்திருந்தேன்.

ஆண்கள் வைத்தது நான் நினைத்த மாதிரிதான். சாக்கடையில் கொஞ்சம், கம்பெனியில் நிறைய, ஒயின் ஷாப்பில் சிரித்துக்கொண்டே நாலைந்து. பெண்கள் வைக்கும்போது நான் உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் ஒரு கட்டத்தில் குவியலாகக் கிடக்கிறது. எது அந்தக் கட்டம் என்று எனக்குப் பிடிபடவில்லை. சாயப்பட்டறையா என்றேன். யாரும் பேசவில்லை. மூணாம் நம்பர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அது நம்ம பாத்ரூம்" என்றாள்.

முப்பத்தெட்டுப் பேருக்கு இரண்டு. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. பல்பு எரிவதில்லை. ராத்திரி அந்தச் சந்தில் பையன்கள் பீடி குடித்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் பெண்கள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. கம்பெனியிலும் ரெண்டு தடவைக்கு மேல் எழுந்து போனால் சூப்பர்வைசர் முறைப்பான். அப்புறம் நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, காய்ச்சல், மெடிக்கலில் மாத்திரை. ஒரே ஒரு பெண்ணுக்கு இல்லை, ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல எல்லாருக்கும் அதே கதை. நானும் பெண்தான், பதினைந்து வருஷமாக வாடகை வாங்குகிறேன், ஒருத்தி கூட என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணு" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். எம்பட வாசல்ல உக்காந்து, எம்பட டீயக் குடிச்சுட்டு, எம்பட புளியங்கொட்டைய வெச்சு என்னையே கேவலப்படுத்துறீங்களா என்று மனசுக்குள் பொருமினேன். அடுத்த முகாமுக்குக் கேட்டைத் திறக்கவில்லை. உறம்பரை வர்றாங்க என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வாக்குவாதம் செய்யவில்லை, எதிரே வேப்பமரத்தடியில் மேஜையைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை நாலரைக்கு வாசல் தெளிக்க எழுந்தேன். பின்னால் வெளிச்சம் அசைந்தது. அஞ்சாம் நம்பர் பெண் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் கதவுக்கு முன்னால் காவல் நிற்கிறாள். உள்ளே இன்னொருத்தி. தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் பனியன் வேஸ்ட் துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டியிருக்கிறார்கள், உள்ளே இருப்பவள் அந்த நாடாவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் துணி. அழுக்கேறிக் கறுத்திருந்தது. எத்தனை மாதமாகக் கட்டியிருந்ததோ, நான் கவனித்ததே இல்லை. அஞ்சாம் நம்பர் என்னைப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்துவிட்டாள், ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி.

தாழ்ப்பாள் 85 ரூபாய். அன்றைக்கே போட்டேன். பல்பும் போட்டேன். மூன்றாவது கக்கூஸ் கட்ட இரண்டு மாதம் ஆனது, பெண்களுக்கு மட்டும் என்று. 62 ஆயிரம் செலவு. கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவர்களையே கேட்டேன், என் சமையலறை ஜன்னல் பக்கம் என்றார்கள். வாடகையில் ரூமுக்கு 150 ஏற்றினேன், அதையும் மறைக்கவில்லை.

இப்போது குறைகள். சொல்லாமல் விட்டால் நீங்கள் பிறகு என்னைத்தான் திட்டுவீர்கள்.

பெரிய குறை, எழுதிக் கொடுக்கிற சீட்டு. இங்கே பார்க்க முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறார்கள். போக வேண்டியது திங்கட்கிழமை. பீஸ் ரேட்டில் இருப்பவனுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. என் லைனில் பாதிச் சீட்டு தலையணைக்கு அடியில்தான் கிடக்கிறது. ஞாயிறு சாயங்காலத்தின் அருமை தெரிந்தவர்கள், மேல் வைத்தியத்துக்கும் ஒரு வழி செய்ய வேண்டாமா? கேட்டேன், பேசிக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். ஒரு வருஷமாகப் பேசுகிறார்கள்.

மறைப்பு சரியில்லை. கொடியில் என் பழைய சேலையைக் கட்டி அதற்குப் பின்னால்தான் பெண்களைப் பார்க்கிறார்கள். உருவம் மறையும், குரல் மறையுமா? ரத்தம் பார்க்கும் ஸ்டிரிப் ஆறரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது, கடைசியில் வருகிறவர்களுக்கு அடுத்த முறைதான். கேள்விப் பேப்பர் ஒன்பது பக்கம், நாலு பக்கமாக்கச் சொன்னேன், ஏழாக்கியிருக்கிறார்கள். கூட வரும் மாணவர்கள் சிலர் நோயாளியோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அதை டாக்டர் பெண் அதட்டி நிறுத்தியது. மூணாம் நம்பருக்கும் மாஸ்டருக்கும் ஒரு ஞாயிறுக்கு 300 ரூபாய்தான் தருகிறார்கள். அரை ஷிப்டுக் கூலிகூட இல்லை. முகாமே அந்த இரண்டு பேர் தலையில்தான் நிற்கிறது.

இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டு விஷயத்தில் நல்லது செய்தார்கள். மாதம் 21,000-க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு உண்டு. தொழிலாளி கணக்கில் முக்கால் சதவீதம், முதலாளி மூன்றே கால் சதவீதம் கட்ட வேண்டும். என் லைனில் ஆறு பேருக்குத்தான் இருக்கிறது, மற்றவர்கள் காண்ட்ராக்டில் ஓடுகிறார்கள். அந்த ஆறில் இரண்டு பேருக்குச் சம்பளச் சீட்டில் பிடித்தம் ஆவதே தெரியாது. மாஸ்டர் சீட்டை வாங்கிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கார்டு எடுத்தார்கள்.

முதலில் வந்த கூட்டத்தை நினைத்துக்கொண்டு நான் ஆரம்பத்திலேயே போட்ட நிபந்தனை ஒன்று, எழுதிக்கொண்டு போனதைத் திரும்ப வந்து சொல்ல வேண்டும். இரண்டு முறை சொன்னார்கள், ஒடியாவிலும் இந்தியிலும், கடைசியில் எனக்காகத் தமிழிலும், வாசலில் பாய் போட்டு. பெயர் சொல்லாமல், என்ன நோய் அதிகம், என்ன செய்யலாம் என்று. மூணாம் நம்பர் பழைய ரத்தத்தைப் பற்றி இப்போது கேட்பதில்லை.

விடலாமா என்றால், விடுங்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஆஸ்பத்திரிச் சீட்டுக்காக ஒன்று குறைத்திருக்கிறேன். கேட்டைப் பெரியதாகத் திறந்து வையுங்கள், நாற்பது ஜோடிச் செருப்பு கிடக்கும். ஆதார் கேட்க மாட்டார்கள், அதைக் குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளக் பாயிண்ட் ஒன்று வெளியே இருந்தால் நல்லது. டீ உங்கள் இஷ்டம். பாத்ரூம் தாழ்ப்பாளை மட்டும் அவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தெருப் படம் போடுகிற அன்று புளியங்கொட்டை கேட்பார்கள், எண்ணிக் கொடுங்கள். நான் கொடுத்த தூக்குப்போசி காலியாகத்தான் திரும்பி வந்தது. பேத்தி லீவுக்கு வந்தால் பல்லாங்குழி ஆடலாம் என்று எடுத்து வைத்திருந்தது அது.